நான்காவது வரி

நாலே முக்காலுக்கு ரெக்கார்டு அக்கா கம்ப்யூட்டரை அணைக்கக் கட்டளை கொடுத்தாள். நாலு ஐம்பத்திரண்டுக்கும் திரையில் அதே நீலம். ‘நிறுத்தப்படுகிறது, காத்திருக்கவும்’ என்ற அதே எழுத்து. அதற்கு மேலே ஒரு சின்ன வட்டம், வேலைவெட்டி இல்லாதவன் தெருவைச் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. சனியன், இன்றைக்குமா என்று வாய்விட்டே கேட்டாள். அறையில் பதில் சொல்ல ஆள் இல்லை.

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு என்பதே எல்லோருக்கும் மறந்துபோய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரைக்கும் ரெக்கார்டு அக்காதான். இரண்டாம் மாடியின் கோடியில், கூரை முட்ட அடுக்கிய நோயாளிக் கோப்புகளுக்கு நடுவே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கம்பி போட்ட ஒரு ஜன்னல். அவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். கீழே டாக்டர்கள் கிறுக்கி அனுப்பும் தாள்களை ஸ்கேன் செய்து, எந்தக் கண், என்ன சிகிச்சை, அடுத்து எப்போது வர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது வேலை. டாக்டர் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே பிறவி என்பதால் யாரும் அவளை விரட்டவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

கம்ப்யூட்டர் அணையாமல் அறையை விட்டுப் போகக் கூடாது. அது சட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் மாடியில் எவரோ ஒரு மகானுபாவர் பிரிண்டரை அணைக்காமல் வீட்டுக்குப் போய்விட, வயர் கருகி ஒரு அலமாரிக் கோப்புகள் புகைந்துபோயின. மறுநாளே மேனேஜர் அம்மா உத்தரவு போட்டுவிட்டார். திரை கறுத்த பிறகுதான் கதவைப் பூட்டலாம். சாவியைக் காவலாளியிடம் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படி இறங்கலாம். காவலாளி உத்தரவுக்கும் ஒரு படி மேலே. கதவிலுள்ள கண்ணாடிச் சதுரத்தில் மூக்கை ஒட்டிப் பார்ப்பார். உள்ளே புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் சாவியைத் தொட மாட்டார்.

எதை முதலில் அணைப்பது, எதைக் கடைசியில் அணைப்பது என்று அப்போது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்காதான் ஒரு தாளில் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள். வீட்டைப் பூட்டிக் கிளம்புகிறபோது எப்படியோ அப்படியே எழுதினாள்: சின்னதெல்லாம் முதலில், பெரியது கடைசியில். மின்விசிறி, பிரிண்டர், ஸ்கேனர், அப்புறம் கம்ப்யூட்டர். மேனேஜர் அம்மா அசந்துபோய் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஆஸ்பத்திரியில் ஒரு அறை பாக்கியில்லாமல் ஒட்டச் சொன்னார். பதினொரு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. போன மாதம் அவள் அறைக்கு மட்டும் ‘பேக்கப் பெட்டி’ என்று ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கெல்லாம் ஒரு நகல் அதில் போய்ச் சேருமாம். அக்கா உடனே பட்டியலைப் புதிதாக எழுதி, பெட்டியையும் அதில் சேர்த்து, தன் செலவில் உறை போட்டு ஒட்டிக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்க ஆரம்பித்ததும் போன மாதம்தான். கூட்டம் குறைவான நாளில் பத்து நிமிஷம் அடம் பிடித்துவிட்டு அணைந்துவிடும். கூட்டம் கூடிய நாளில் முக்கால் மணி, ஒரு மணி என்று இழுத்தடிக்கும். ஆஸ்பத்திரியின் எல்லாக் கிளைகளையும் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்காரர் நாலு தரம் வந்தார். முதலில் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டார். கழற்றினார், மாட்டினார், தட்டிப் பார்த்தார், அது சுத்தம். வைரஸ் தேடினார், தூசு தட்டினார், ஒரு வயரை மாற்றினார், கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினார். அவர் வருவது எப்போதும் காலையில். அவர் அணைத்தால் எட்டே செகண்டு. விருந்தாளியைக் கண்ட பிள்ளை மாதிரி அவ்வளவு அடக்கமாக அணைந்துபோகும். அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உங்களுக்கும் இதுக்கும் ஏதோ ஜாதகம் சரியில்லை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அக்காவுக்குச் சிரிப்பு வராது.

ஏனென்றால் அவளுக்கு ஐந்து மணி பஸ் வேண்டும். மகள் பாப்பாவை அழைக்கப் போக வேண்டும்.

பாப்பாவுக்கு வயது இருபத்திரண்டு. இரண்டு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு பேச்சு குறைந்து, வரிசை கூடிப்போனது. எதையும் ஒரு வரிசையில்தான் செய்வாள். ஒரு இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டுமென்றால் டம்ளரை அலமாரியில் வைப்பாள், நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளுவாள், செருப்பைப் போடுவாள், இன்னும் ஒன்றிரண்டு உண்டு. எல்லாம் முடிந்ததும் “நாளைக்கு வரேன்” என்பாள். எதிரே இருப்பவர் “வா” என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ராஜாத்தி மாதிரி நடந்து வருவாள். காலையிலிருந்து மாலை வரை அவளைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்ள அந்த ஊரில் ஒரே ஒரு பகல் மையம். ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் ஐந்து இருபதுக்கு வாசலில் நிற்கலாம். அடுத்த பஸ் ஐந்தே காலுக்கு, அதில் போனால் தாமதம். தாமதமானால் ஒரு எச்சரிக்கைச் சீட்டு. மூன்று சீட்டு ஆனால் இடம் போய்விடும். காத்திருப்போர் பட்டியலில் நாற்பது பேர்.

இந்த ஒரு மாதத்தில் இரண்டு சீட்டு ஆகிவிட்டது.

அந்த இரண்டு நாளும் வெறும் தாமதத்தோடு முடியவில்லை. மூடும் நேரத்துக்குப் பிறகு பெற்றோர் உள்ளே போகக் கூடாது என்று வாசல்காரர் நிறுத்திவிட, அக்கா வெளியே கால் மாற்றி நின்றாள். உள்ளே பாப்பா அசைய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம். டீச்சர் கெஞ்சிப் பார்த்து, அதட்டிப் பார்த்து, கடைசியில் இரண்டு பேராகப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். பாப்பாவின் கன்னமெல்லாம் ஈரம். நேரத்துக்கு வராத அம்மா மேல் கோபம் என்றுதான் அக்கா நினைத்தாள். நினைத்து நினைத்து இரண்டு ராத்திரியும் தூங்கவில்லை.

வேறு யாரையாவது அனுப்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. புருஷன் லாரி ஓட்டுகிறார்; மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். தம்பி பெண்டாட்டி ஒரு நாள் போய்ப் பார்த்தாள். பாப்பா அவளை யாரோ எவரோ என்று பார்த்தாளே தவிர எழுந்திருக்கவில்லை. சரி, கம்ப்யூட்டரையாவது சீக்கிரம் அணைக்கலாமே என்றால், நாலே முக்கால் வரை கீழேயிருந்து தாள் வந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்து ஒரேயடியாகக் கழுத்தைத் திருகிவிடலாமே என்றால், அதையும் ஒரு நாள் செய்தாள். மறுநாள் காலையில் முந்தின நாள் ஏற்றிய அத்தனையும் மாயம். வலது கண்ணா இடது கண்ணா என்று தெரியாமல் ஒரு பெரியவரின் ஆபரேஷன் இரண்டு நாள் தள்ளிப்போனது. இனிமேல் இப்படிச் செய்தால் வேலையை விட்டு அனுப்பலாம் என்று அவளிடமே எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

ஆக, அழுத்தினால் வேலை போகும். அழுத்தாவிட்டால் பாப்பாவின் இடம் போகும். இடம் போனால் பாப்பாவைத் தனியே விட முடியாது, அப்போதும் வேலை போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சுவர். அதற்கப்புறம் அவளும் பாப்பாவும் வீட்டின் நாலு சுவரும்தான்.

இன்றைக்குப் பார்த்து இலவசக் கண் பரிசோதனை. முந்நூற்றுப் பன்னிரண்டு தாள். காலையிலேயே அவளுக்குத் தெரியும், இன்றைக்கு இது சீக்கிரத்தில் கண்ணை மூடாது என்று.

ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மையத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது அதே டீச்சர்தான், மூன்று மாதத்துக்கு முன் புதிதாக வந்தவர். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான். “இன்னிக்கும் லேட்டுன்னா மூணாவது சீட்டு, அக்கா. என் கையில ஒண்ணுமில்ல,” என்றார். பின்னால் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. அது பாப்பாவின் நாற்காலியோ என்னவோ.

ஜன்னல் வழியாக ஐந்து மணி பஸ் வந்து நிற்பதைப் பார்த்தாள். ஏறுகிறவர்கள் ஏறினார்கள். பஸ் போய்விட்டது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழக் கூடாது அழக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே அழுதாள்.

காவலாளி கண்ணாடிச் சதுரத்தில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஆகலையா என்று சைகையில் கேட்டார். போய்யா நீ வேற என்று அவளும் சைகையிலேயே சொன்னாள். பிறகு கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள். அவர் எங்கோ வேறு கிளையில், வேறு யாருடைய கம்ப்யூட்டருக்கோ வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல் நையாண்டியோடு ஆரம்பித்தவர், மறுமுனையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டதும் அடங்கிவிட்டார்.

“அக்கா, அழாதீங்க. காலையில நான் செஞ்சா அணையுது, சாயங்காலம் நீங்க செஞ்சா அணையல. அப்படி நீங்க என்னதான் செய்றீங்க?”

“லிஸ்ட்ல இருக்கறதத்தான் செய்றேன். ஒண்ணு விடாம, வரிசையா.”

“எந்த லிஸ்ட்?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு அறையிலும் தொங்கும் பட்டியலை இந்த மனிதர் ஒரு தடவைகூடப் படித்ததில்லை. அவர் வருவார், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், அப்படியே கம்ப்யூட்டரை அணைப்பார், போவார். பட்டியலெல்லாம் அவருக்கு எதற்கு? அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படித்தாள். ஒன்று மின்விசிறி, இரண்டு பிரிண்டர், மூன்று ஸ்கேனர், நாலு பேக்கப் பெட்டி, ஐந்து...

“நில்லுங்க, நில்லுங்க. நாலாவத இன்னொரு தடவை படிங்க.”

படித்தாள். அவர், யாரோ தூங்குகிற இடத்தில் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினார்.

“அக்கா, அது அணையறதுக்கு முன்னாடி, இன்னிக்கு ஏத்தினதையெல்லாம் அந்தப் பெட்டிகிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் அணையும். பெட்டி ‘வாங்கிட்டேன்’னு சொல்லணும். நீங்க பெட்டியை முதல்லயே அணைச்சுட்டா அது யார்கிட்ட ஒப்படைக்கும்? ஒவ்வொரு தாளுக்கும் பதில் வருமா வருமான்னு காத்துக் கெடக்கும். பெட்டியைப் போடுங்க.”

குனிந்து பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது, பச்சையானது, படபடவென்று துடித்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது, எழுத்து போனது, திரை கறுத்தது. ஒரு மாதமாக அவள் உயிரை எடுத்த பூதம், கேட்டதைக் கொடுத்ததும் சத்தமில்லாமல் படுத்துவிட்டது.

“அணைஞ்சிருச்சு,” என்றாள்.

“அப்பாடா! ஆமா, எந்தப் புண்ணியவான் எழுதின லிஸ்ட் அது?”

அக்கா சுவரைப் பார்த்தாள். முத்து முத்தான எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு வேறு.

“நான்தான்,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஒரு மாதமாக அந்தக் கம்ப்யூட்டரை அவள் திட்டாத திட்டில்லை. இப்போது யாரைத் திட்டுவது? ஆத்திரத்தில் பட்டியலைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறை, கிழியவில்லை. சுவரோடு பெயர்த்தாள். சுண்ணாம்போடு கையில் வந்தது. பெட்டியை அணைத்து, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி வெளியே வந்தவளைக் காவலாளி நிறுத்தி, பட்டியலை எடுத்துக்கொண்டு போனால் நாளைக்கு எதைப் பார்த்து அணைப்பீர்கள் என்று கவலையோடு கேட்டார். அவள் சாவியை அவர் கையில் திணித்து, கையெழுத்து என்ற பெயரில் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டுப் படிகளில் ஓடினாள்.

ஐந்தே கால் பஸ் கிளம்பும்போது தொற்றிக்கொண்டாள். உட்கார இடம் இருந்தும் நின்றாள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். பட்டியல் இன்னும் கையிலேயே இருந்தது. அந்தப் பெட்டி பதில் சொல்லும் வரை நகர மாட்டேன் என்று கிடந்த கம்ப்யூட்டரை நினைத்தாள். அதற்கு அடமும் இல்லை, கோபமும் இல்லை, பாவம், வேலை முடியவில்லை, அவ்வளவுதான். நெஞ்சுக்குள் என்னவோ நெருடியது. அது என்னவென்று பிடிபடுவதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது.

ஐந்து நாற்பதுக்கு மையத்தின் வாசலில் நின்றாள். வாசல்காரர் இன்றைக்குச் சீக்கிரமே போயிருந்தார். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே போகக் கூடாதுதான், போனாள். நடைவழியில் மட்டும் ஒரு குழல்விளக்கு. அதற்குக் கீழே டீச்சர், தோளில் பையை மாட்டிக்கொண்டு, கையில் எழுதி முடித்த சீட்டோடு நின்றார்.

“பத்து நிமிஷமா கூப்பிடறேன். போன தடவை மாதிரிதான், கல்லு மாதிரி உக்காந்திருக்கா. எனக்கும் வீட்ல ஒரு கைக்குழந்தை இருக்குக்கா. இந்த மூணு சீட்டு ரூலைக் கேட்டு வாங்கினதே நான்தான்.” சொல்லிவிட்டு டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா அவரைத் தாண்டி அறை வாசலுக்குப் போனாள். உள்ளே இருட்டு. மின்விசிறி நின்றிருந்தது. கோடியில் பாப்பா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னும் டம்ளர். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. முறைக்கவும் இல்லை. சுவரில் இருந்த சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. வீட்டில் பாப்பா இருக்கும் அறையின் சுவிட்சை ஒருவரும் தொட மாட்டார்கள். எல்லாம் எடுத்து வைத்து, செருப்பைப் போட்ட பிறகு, விளக்கை அவள்தான் அணைப்பாள். எத்தனையோ வருஷப் பழக்கம். அக்காவின் புருஷன்கூட இருட்டில் தடவிக்கொண்டு போவாரே தவிரக் கை வைக்க மாட்டார். அது ஒரு விஷயமென்றே யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றாததால் இங்கே யாரிடமும் சொல்லவும் இல்லை. பழைய டீச்சர் தானாகவே கண்டுபிடித்திருப்பாள் போலிருக்கிறது. பாப்பா இவ்வளவு நாளும் கோபத்தில் உட்காரவில்லை. இரண்டு நாளும் ஒரு மணி நேரம், கன்னம் நனைய நனைய, இந்தக் குழந்தை காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

“விளக்கை யாரு டீச்சர் அணைச்சது?”

“நான்தான். அஞ்சரை ஆச்சே, மூட வேண்டாமா?”

அக்கா சுவிட்சைப் போட்டாள். அறை முழுக்க வெளிச்சம் வந்தது. பாப்பா விளக்கை அண்ணாந்து பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். எழுந்து டம்ளரை அலமாரியில் வைத்தாள். நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளினாள். சரியாக இல்லை போலிருக்கிறது, மறுபடி இழுத்துத் தள்ளினாள். செருப்பைப் போட்டாள். நேரே சுவிட்சிடம் வந்து, அம்மாவின் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டு, விளக்கை அணைத்தாள்.

“இதுக்கா?” என்றார் டீச்சர். “ஒரு மணி நேரம்... இதுக்கா?” பாப்பாவின் புறங்கைகளில் இரண்டு பேர் பிடித்து இழுத்த அந்த நாள்களின் தடம் இப்போது இல்லை. ஆனாலும் டீச்சர் அந்தக் கைகளைத்தான் பார்த்தார்.

அக்கா கெஞ்ச வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே நாலைந்து வாக்கியம் சேர்த்து வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டுச் சீட்டைப் பார்த்தாள். அது டீச்சர் கையில்தான் இருந்தது. தேதி, நேரம், கீழே கையெழுத்து, எல்லாம் இருந்தது. நாளைக் காலையில் அது அலுவலகத்துக்குப் போனால் போதும்.

பாப்பா நடைவழிக்கு வந்து டீச்சருக்கு நேர் எதிரே நின்றாள். குழல்விளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு, தினமும் சொல்வதைச் சொன்னாள்.

“நாளைக்கு வரேன்.”

டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார். பாப்பா நகரவில்லை. அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை, பதில் வந்தால் போதும். கடிகாரத்தில் ஒரு நிமிஷம் போனது. டீச்சர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். அதை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், தன் பையின் அடியில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

“வா, பாப்பா,” என்றார்.

பாப்பா திரும்பி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.